இல்லத்திற்கு வரும் இசையும் அதைக் கொணரும் கம்பியும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், கொடைக்கானல் மலைகளுக்கு மேற்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி வட்டவடை என்னும் மலையூர் அமைந்துள்ளது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்து செல்வோர், மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட கழனிகளைக் காண்பர். பூண்டு, உருளைக்கிழங்கு, கோசு, காரட், பீன்ஸ் ஆகியவை அங்கே விளைகின்றன. காந்தளூர்–வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. இவ்வூர் மக்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர்.

மலையூர்களில் வாழ்வோருக்கு வெளியுலகின் குரலை முதன்முதலில் கொண்டுவந்தது வானொலியே. வட்டவடைக்குக் கிழக்கேயுள்ள கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் ஆகாசவாணியின் பண்பலை நிலையம் இம்மலைகளின் இருபுறத்தாருக்கும் நன்கு அறிமுகமானது. இன்றோ, வானொலி நிகழ்ச்சிகளும் இசைத்தட்டுகளில் பதிவான கச்சேரிகளும் இணையத்தின் வழியாகவும் வருகின்றன. இவ்வாறு இடையறாது ஓடிவரும் ஒலியை 'ஸ்ட்ரீமிங்' என்று வழங்குகிறோம்.

இம்முறையில் நல்ல இசை கேட்க விரும்புவோர் வீட்டில் நான்கு கருவிகளை அமைத்துக்கொள்கின்றனர். இணையத்திலிருந்து ஒலியைப் பெறுவது ஸ்ட்ரீமர். எண்வடிவில் வரும் ஒலியை மின்னலையாக மாற்றுவது 'டாக்' எனப்படும் மாற்றி. அவ்வலையை வலுப்படுத்துவது பெருக்கி. இறுதியில் நிற்பது ஒலிபெருக்கி. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கக் கம்பிகள் வேண்டும். இங்கேதான் வாங்குவோருக்கு ஐயம் எழுகிறது. ஒரே நீளமுள்ள இரு டிஜிட்டல் கம்பிகளுள் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மற்றொன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறது. பின்னதில் இசை அதிகத் தெளிவாகக் கேட்கும் என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. பூண்டு அறுவடையில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மலையிறங்கி வருபவர் எதை வாங்குவது? தவறானதை வாங்கிவிட்டால் மாற்றுவதற்கு மீண்டும் ஒரு நாட்பயணம் செய்ய வேண்டுமே! இவ்வினாவுக்கு விஞ்ஞானம் தெளிவான விடை தருகிறது.

எண்களாக மாறும் இசை

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. பழைய இசைத்தட்டில் இவ்வதிர்வின் வடிவமே பள்ளமும் மேடுமாகப் பதிந்திருந்தது. ஆகையால் தட்டில் தூசி படிந்தால் தூசியும் ஒலித்தது. கீறல் விழுந்தால் கீறலும் ஒலித்தது.

டிஜிட்டல் முறையின் இயல்பு வேறு. இதில் ஒலியலையின் உயரம் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒரு விநாடிக்கு 44,100 அளவுகள் உள்ளன. ஒவ்வோர் அளவும் 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆன 16 இலக்கங்களில் எழுதப்படுகிறது. இடச்செவிக்கும் வலச்செவிக்குமாக இரண்டு வரிசைகள் வேண்டுமாதலால், ஒரு விநாடி இசை 14,11,200 இலக்கங்களாகிறது. இவ்விலக்கங்களைப் 'பிட்' என்பர்.

ஒலியை இவ்வாறு துண்டு துண்டாக அளந்தால் இடையில் உள்ளவை விடுபட்டுப் போகாவா என்று கேட்கலாம். போகா. ஓர் அலையில் உள்ள மிக விரைவான அதிர்வின் இரு மடங்குக்கு மேற்பட்ட விரைவில் அதனை அளந்தால், முழு அலையையும் அவ்வளவுகளிலிருந்தே மீட்டுவிடலாம் என்பது கணிதம் கண்ட உண்மை. ஹாரி நைக்விஸ்ட் 1928-ஆம் ஆண்டிலும், கிளாட் ஷானன் 1940-களின் இறுதியிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படையாகும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில்தான் உணரும். எனவே 44,100 அளவுகள் அதற்குப் போதுமானவை.

தேயிலைப் பெட்டி உணர்த்தும் உண்மை

இனி, இவ்வெண்கள் கம்பியில் செல்லும் விதத்தைப் பார்ப்போம். இதை விளக்க வட்டவடைக்குச் செல்லும் பாதையிலேயே ஒரு நல்ல உவமை இருக்கிறது. 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள ரயில் அமைக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டில் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் தொங்கியவாறு கொட்டகுடி அடிவாரத்திற்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது.

அவ்வடத்தில் இறங்கிய ஒரு பெட்டியை எண்ணிப் பாருங்கள். மலைக்காற்றில் வடம் ஆடலாம். பெட்டி ஒருபுறம் சாயலாம். ஆயினும் மூடி கழன்று விழாத வரையில் உள்ளே இருக்கும் தேயிலையின் மணம் குறைவதில்லை. அவ்வடத்திற்கு வெள்ளிப்பூச்சுப் பூசியிருந்தாலும் தேயிலையின் சுவை கூடியிராது. பெட்டி வந்து சேர்ந்ததா இல்லையா என்பது ஒன்றே கேள்வி.

டிஜிட்டல் கம்பியின் நிலையும் இதுவே. வீட்டுக் கருவிகளுக்கு இடையே செல்லும் 'எஸ்பிடிஃப்' என்னும் மின்குறி, உச்சிக்கும் அடிக்கும் இடையே அரை வோல்ட் அளவே உடையது. பெறும் கருவி அதன் உயரத்தை நுணுக்கமாக அளப்பதில்லை. மின்னழுத்தம் நடுக்கோட்டிற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அதிலிருந்து 0, 1 என்னும் குறிகளைப் புதிதாக எழுதிக்கொள்கிறது. வழியில் சிறிது இரைச்சல் கலந்திருந்தாலும் அது அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆதலின், டிஜிட்டல் கம்பி பழுதுபட்டால் இசை சற்று மங்குவதோ, மத்தளத்தின் ஒலி சற்று மெலிவதோ, பாடகரின் குரல் சற்றுத் தொலைவில் ஒலிப்பதோ இல்லை. எண்கள் தவறும்போது 'டிக்', 'டிக்' என்ற வெடிப்பொலி எழும். இசை விட்டு விட்டுக் கேட்கும். அல்லது முற்றிலும் நின்றுவிடும். இவை யாவரும் எளிதில் உணரக்கூடிய குறிகள். இக்குறிகள் தோன்றாத கம்பியை விலையுயர்ந்த கம்பியால் மேம்படுத்த இயலாது.

காலம் தவறும் எண்கள்

ஒரு மறுப்புக்கு இங்கே விடை கூற வேண்டும். எண்கள் எல்லாம் சரியாக வந்தாலும், அவை சீரான கால இடைவெளியில் வர வேண்டுமன்றோ என்று சிலர் கேட்பர். இக்கேள்வி நியாயமானது. எண்கள் முன்பின்னாக வருவதைக் காலத்தடுமாற்றம் எனலாம். எண்களை அலையாக மாற்றும் நேரத்தில் கடிகாரம் பெரிதும் தடுமாறினால் ஒலி கெடும்.

ஆனால், பெட்டிகள் முன்பின்னாக வந்து இறங்கினாலும், அவற்றைக் கிடங்கில் அடுக்கிவைத்து, மணி தவறாமல் ஒவ்வொன்றாக வெளியே அனுப்ப முடியும். மின்கருவிகளில் இக்கிடங்கு ஒரு சிறிய நினைவகமாகும். இணையத்திலிருந்து வரும் ஒலி முதலில் இந்நினைவகத்தில்தான் சேர்கிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், இணையத்தில் பொதுவாகப் பயன்படும் முறைப்படி அது மீண்டும் கேட்டுப் பெறப்படுகிறது. ஆகவே ஸ்ட்ரீமருக்கு முன்னால் உள்ள ஈதர்நெட் கம்பி இசையின் காலத்தை நிர்ணயிப்பதே இல்லை.

யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் இக்கால மாற்றிகள் பலவற்றில், மாற்றியின் உள்ளேயுள்ள கடிகாரமே தலைமை தாங்குகிறது. தனக்கு வேண்டிய வேகத்தில் எண்களை அனுப்புமாறு அதுவே கேட்டுக்கொள்கிறது. எஸ்பிடிஃப் முறையில் மட்டும் கால அளவு எண்களோடு கலந்தே வருகிறது. அதிலும், வரும் தடுமாற்றத்தைச் சமன் செய்யும் சுற்று மாற்றியின் உள்ளே அமைந்துள்ளது. எனவே கவனிக்க வேண்டியது மாற்றியின் தரமே. கம்பியின் விலை அன்று.

கம்பிகளின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் இணைப்புகளுள் வீட்டிற்கு வேண்டியவை நான்கு.

முதலாவது, கோ-ஆக்சியல் கம்பி. நடுவே ஒரு செப்புக் கம்பியும், அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருளும், அதன்மேல் உலோக வலையும் கொண்டது இது. இதன் மின்மறிப்பு 75 ஓம் இருக்க வேண்டும். அளவு மாறினால் மின்குறியின் ஒரு பகுதி முனையிலிருந்து எதிரொலி போலத் திரும்பும். தொலைக்காட்சிக்கு உபயோகிக்கும் கேபிளும் 75 ஓம் வகையே. பழைய தொலைக்காட்சிக் கருவிகளோடு வந்த மஞ்சள் முனைப் படக்கம்பியும் அவ்வளவுக்கென்றே செய்யப்பட்டது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்திற்கு அத்தகைய நல்ல கம்பி ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது, ஒளிக் கம்பி. இதனை 1983-ஆம் ஆண்டில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 'டாஸ்லிங்க்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. இதில் மின்சாரத்திற்குப் பதிலாகச் சிவப்பொளி செல்கிறது. வளைந்த இழையின் உட்சுவரில் ஒளி மீண்டும் மீண்டும் பட்டுத் தெறித்து மறுமுனையை அடையும் என்னும் தத்துவமே இதற்கு ஆதாரம். இத்துறையில் நம் நாட்டவர் ஒருவருக்குச் சிறந்த பங்குண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து, இழைக்கற்றையின் வழியே உருவங்களைச் செலுத்தி, அம்முடிவுகளை 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருக்கு மறைவுக்குப்பின் 2021-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருது அளிக்கப்பட்டது. வீட்டில் உபயோகிக்கும் ஒளிக் கம்பி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையாகும். அதனை ஐந்து மீட்டருக்கு மேல் நீட்டாதிருப்பதும், கூர்மையாக மடிக்காதிருப்பதும் நன்று. விநாடிக்கு 96,000 அளவுகள் வரை இது நம்பிக்கையாக வேலை செய்யும். முனையில் உள்ள சிறிய பாதுகாப்பு மூடியைக் கழற்ற மறந்துவிட்டு, கம்பி பழுது என்று கருதிவிடக் கூடாது.

மூன்றாவது, யு.எஸ்.பி. கம்பி. கணிப்பொறியையோ கைப்பேசியையோ மாற்றியுடன் இணைக்க இது உதவும். ஐந்து மீட்டரே இதற்கு எல்லை. இரண்டு மீட்டருக்குள் அடக்குதல் சிறந்தது. மின்னழுத்தமும் இதே கம்பியில் செல்வதால், ஒரு கருவியின் மின்னிரைச்சல் மற்றொன்றை அடைய இது வழிசெய்யலாம்.

நான்காவது, ஈதர்நெட் கம்பி. ரவுட்டர் ஓர் அறையிலும் ஸ்ட்ரீமர் வேறோர் அறையிலும் இருந்தால் இதுவே ஏற்றது. நூறு மீட்டர் தூரம் வரை இது செல்லும். 'கேட்-5 ஈ' என்னும் சாதாரண வகையே விநாடிக்கு நூறு கோடி பிட்டுகளைக் கொண்டுசெல்ல வல்லது. நாம் கேட்கும் இசைக்கு இதில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குகூட முழுமையாக வேண்டியதில்லை.

மின்னலும் மின்கம்பியும்

கம்பியின் விலை ஒலியை மாற்றாது என்று கண்டோம். அப்படியானால் எந்தக் கம்பியை வாங்கினாலும் ஒன்றுதானா? அன்று. வட்டவடை போன்ற மலையூர்களில் கம்பியின் இனம் மிக முக்கியமானது. அதற்குக் காரணம் இசை அன்று. இடியும் மின்னலும் ஆகும்.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலிலும் மாலையிலும் இடியுடன் கூடிய மழை மிகுதி. ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் முப்பதாயிரம் ஆம்பியர் அளவுக்கு இருக்கலாம். அது வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. அருகில் எங்கேனும் விழுந்தாலும், வெளியிலிருந்து வரும் மின்சாரக் கம்பியிலும் தொலைக்காட்சிக் கேபிளிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் தூண்டப்படும். அவ்வழுத்தம் ஒரு கருவியில் நுழைந்தால், அதனோடு செப்புக் கம்பியால் இணைந்துள்ள எல்லாக் கருவிகளுக்கும் பரவக்கூடும். ஈதர்நெட் துளைகளில் 1,500 வோல்ட் தாங்கும் சிறு மின்மாற்றிகள் இருக்கின்றன. அன்றாட மின்னிரைச்சலைத் தடுக்க அவை போதும். மின்னலின் முன் நில்லா.

ஒளிக் கம்பியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. பிளாஸ்டிக் இழை மின்சாரத்தைக் கடத்தாது. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பெருக்கிக்கும் இடையே ஒளிக் கம்பி இருந்தால், தொலைக்காட்சிக் கேபிளின் வழியே வந்த அழுத்தம் அந்த இணைப்பைத் தாண்டிச் செல்ல இயலாது. இன்னொரு நன்மையும் உண்டு. இரு கருவிகள் வெவ்வேறு இடங்களில் நில இணைப்புப் பெற்றிருந்தால், அவற்றிடையே செப்புக் கம்பியின் வழியாகச் சிறு மின்னோட்டம் சுழன்று, ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்ற ஓயாத இரைச்சலை எழுப்பும். ஒளிக் கம்பி அச்சுழற்சியை அறுத்துவிடுகிறது.

எனினும் ஒளிக் கம்பி ஒன்றே காவல் என்று எண்ணிவிடலாகாது. பெருக்கியின் மின்செருகி சுவரில் இருக்கும் வரையில் மின்சாரக் கம்பியின் வழியே ஆபத்து வரக்கூடும். வீட்டிற்கு வரும் இணையக் கம்பி கண்ணாடி இழையாக இருந்தாலும், அதற்கு வலுவூட்ட உடன் இழுக்கப்படும் எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். அந்த எஃகுக் கம்பியை வீட்டிற்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். வானம் இருண்டு வரும்போதே, இடி முழங்குமுன், எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிடுதல் எல்லாவற்றினும் நம்பகமான காப்பு. இடி முழங்கத் தொடங்கிய பிறகு கம்பிகளைக் கையால் தொடுதல் கூடாது. கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். உயிரை வாங்க இயலாது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

வாசகர்கள் இவற்றைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். முதல் சோதனை மிக எளியது. இணையத்திலிருந்து ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கையில் ஸ்ட்ரீமரின் ஈதர்நெட் கம்பியைக் கழற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் பாட்டு உடனே நிற்பதில்லை. சில விநாடிகளோ, அதற்கு மேலுமோ தொடர்ந்து ஒலிக்கும். கம்பியே இல்லாதபோது ஒலிக்கும் இசை கிடங்கிலிருந்து வருகிறது என்பது இதனால் தெளிவாகும்.

இரண்டாவது சோதனைக்கு இருவர் வேண்டும். விலை குறைந்த கம்பி ஒன்றும் விலை மிகுந்த கம்பி ஒன்றும் கிடைத்தால், கேட்பவர் கருவிகளுக்கு முதுகு காட்டி அமரட்டும். மற்றவர் காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்றையும் பூ விழுந்தால் மற்றொன்றையும் இணைத்து, ஒரே பாட்டை ஒரே ஒலியளவில் பத்து முறை இசைக்கட்டும். எது எது என்று கேட்பவர் எழுதிக்கொண்டு வர வேண்டும். வெறும் ஊகத்தினால் ஒன்பது அல்லது பத்து விடைகள் சரியாக அமையும் வாய்ப்பு 1,024-இல் 11 மட்டுமே. ஆகவே அவ்வளவு விடைகள் சரியானால், வேறுபாடு உண்மையில் கேட்கிறது என்று நம்ப இடமுண்டு. ஐந்தாறு விடைகளே சரியானால், முன்பு கேட்டதாகத் தோன்றிய வேறுபாடு விலைச்சீட்டைக் கண்ட மனத்தில் பிறந்தது என்று கொள்ளலாம். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. மனித மனத்தின் இயல்பு அது. அதனாலேயே விஞ்ஞானிகளும் தம் சோதனைகளில் கண்ணை மறைத்துக்கொள்கின்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். ரவுட்டருக்கும் ஸ்ட்ரீமருக்கும் இடையே சாதாரண ஈதர்நெட் கம்பி போதும். ஸ்ட்ரீமருக்கும் மாற்றிக்கும் இடையே தூரம் ஐந்து மீட்டருக்கு உட்பட்டதாயின் ஒளிக் கம்பியை முதலில் கருதுக. விநாடிக்கு 96,000-க்கு மேற்பட்ட அளவுகள் கொண்ட பதிவுகளைக் கேட்பவர் கோ-ஆக்சியல் கம்பியையோ யு.எஸ்.பி. கம்பியையோ கொள்ளலாம். வாங்குமுன் இரு கருவிகளின் பின்புறத்தையும் பார்த்து, எந்தத் துளைகள் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, தூரத்தையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுதல் வீண் பயணத்தைத் தவிர்க்கும். பனிமூட்டம் மிகுந்த ஊர்களில் உலோகச் செருகிகளில் களிம்பு ஏறக்கூடும். ஆண்டுக்கு ஓரிரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவற்றை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

கம்பியில் மிச்சப்படுத்திய பணத்தை எங்கே செலவிடலாம்? முதலாவதாக, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு வீட்டின் நில இணைப்பைச் சோதித்துச் சீர்செய்யலாம். இரண்டாவதாக, மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவியைப் பொருத்தலாம். மூன்றாவதாக, நல்ல ஒலிபெருக்கி வாங்கலாம். ஏனெனில் ஒலியின் குணத்தை அதிகமாக நிர்ணயிப்பவை ஒலிபெருக்கியும் அது நிற்கும் அறையுமே. பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி டிஜிட்டல் கம்பி அன்று. அதன் பருமனைக் கவனிக்க வேண்டும். ஆயினும் ஐந்து மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியைப் போட்டால், போகவர அதன் தடை ஏறத்தாழ 0.12 ஓம் மட்டுமே. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன் அது பொருட்டன்று.

தேயிலைப் பெட்டிகளை இறக்கிய வடம் இன்று இல்லை. ஆனால் மலைக்கு மேலும் கீழும் பொருள்களைக் கொண்டுசெல்லும் வேலை இன்றும் நடக்கிறது. அவற்றுள் இசையும் ஒன்று. அது எண்களாக வந்து சேர்ந்துவிட்டால் முழுமையாகவே வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கொணரும் கம்பிக்கு உரிய அளவும், உரிய நீளமும், மின்னலைத் தாண்டவிடாத இயல்பும் இருந்தால் போதும். இவ்வுண்மையை அறிந்து கடைக்குள் நுழைபவர் ஒரு பருவத்தின் உழைப்பை ஒரு முழக் கம்பிக்காக இழக்க மாட்டார்.